மீசை போன வீரன்

“இந்த மீசைக் கதைக்கு மூலம் எது?” என்று கேட்டுவிட்டு, குறித்துக்கொள்ளப் பேனாவோடு காத்திருந்தார் வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் அம்மா. பேராசிரியர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

அவருடைய மாணவிக்கு முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வு. அயர்லாந்தின் பழைய வீரகதைகளையும் வேதாகமக் கதைகளையும் ஒப்பிடும் ஆய்வு. பந்தடித்துக் காவல்நாயைக் கொன்ற சிறுவன், கவண்கல்லால் ராட்சதனைச் சாய்த்த சிறுவன் என்று மூன்று இயல்கள் நன்றாகத்தான் போயின. நான்காவதில் வந்தது வினை.

ஐந்து வருடத்துக்கு முன் வகுப்பில் இதே மாணவி ஒரு சந்தேகம் கேட்டாள். தலைமுடி போனதும் பலம் போன வேதாகம வீரனைப் போல அயர்லாந்திலும் யாராவது உண்டா? தெரியாது என்று சொல்ல மனிதருக்குக் கௌரவம் இடம் கொடுக்கவில்லை. தூங்கும்போது மனைவி மீசையை மழித்துவிட, பால் குடத்தைக்கூடத் தூக்க முடியாமல் தவித்த ஒரு வீரனை நின்ற இடத்திலேயே பெற்றெடுத்தார். வகுப்பு கைதட்டியது. அந்த மயக்கத்தில் அதைக் கட்டுரையாகவும் எழுதி அச்சேற்றினார். மாணவி அதை நம்பி ஓர் இயலே எழுதிவிட்டாள்.

ஒரு பழைய சுவடியில் இருக்கிறது என்றார் பேராசிரியர் இப்போது. எந்தச் சுவடி? அது தீயில் எரிந்துபோனது. அப்படியானால் நீங்கள் எதில் படித்தீர்கள்? நம் நூலகத்தில் ஒரு புத்தகம் இருந்தது, பெயர்தான் நினைவில்லை. உடனே நூலகருக்குத் தொலைபேசி போனது. அயர்லாந்து என்று எதில் இருந்தாலும் பார்த்து எடுத்துவரச் சொன்னார்கள்.

காத்திருந்த நேரம்தான் கொடுமை. கடைசி வரிசையில் மாணவியின் கணவர் கைக்குழந்தையோடு உட்கார்ந்து பேராசிரியரை மரியாதையாகப் பார்த்துச் சிரித்தார்.

“நீங்க இருக்கும்போது எனக்கென்ன பயம் சார்” என்றாள் மாணவி, மெதுவாக.

பேராசிரியருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. எழுந்தார்.

“தேட வேண்டாம். அப்படி ஒரு கதையே கிடையாது. நானே கட்டிவிட்டது. இந்தப் பொண்ணு மேல தப்பில்ல. அந்த இயலை மட்டும் எடுத்துட்டு பட்டத்தைக் குடுத்துடுங்க.”

மாணவி தலையைக் குனிந்துகொண்டாள். தேர்வாளர் அம்மாவின் முகம் வெளுத்துப் போனது. கோபம்தான் என்று நினைத்துப் பேராசிரியர் இன்னும் குறுகினார்.

நூலகர் ஒரு கட்டுப் புத்தகங்களோடு மூச்சு வாங்க உள்ளே வந்தார்.

“எல்லாத்தையும் புரட்டிட்டேன் சார், போன வருஷம் நம்ம தேர்வாளர் மேடம் எழுதின இந்தப் புத்தகத்துல மட்டும்தான் அந்த மீசைக் கதை இருக்கு, மூலச்சுவடிய நேர்லயே போய்ப் பாத்தேன்னு வேற போட்டிருக்காங்க.”