காலி நாற்காலியைப் பார்த்து உருகுபவர்

வாயால் பிழைப்பவர்களில் பலவகை உண்டு. அவர்களில் காதே தேவைப்படாத வகை ஒன்று இருக்கிறது: தொலைக்காட்சி நிகழ்ச்சித் தொகுப்பாளர். நீங்கள் பார்த்திருப்பீர்கள். பார்க்காமல் எப்படித் தப்பியிருக்க முடியும்?

நம்மவர் முதலில் துணிக்கடை வாசலில் மைக் பிடித்துத் தள்ளுபடி கூவினார். அங்கிருந்து கல்யாண வரவேற்புகளுக்குத் தாவி, மாப்பிள்ளையைப் பாடவைத்து, வேண்டாம் வேண்டாமென்ற மாமனாரை ஆடவைத்து, யார் யாரையோ பிடித்துத் தொலைக்காட்சிக்குள் நுழைந்து, பளபளக்கும் கோட்டுக்குள்ளும் புகுந்துவிட்டார். இன்னும் வெளியே வரவில்லை.

அவர் நிகழ்ச்சியில் விருந்தினருக்கு வேலை குறைவு. கேள்வியை அவரே கேட்டு, பதிலையும் அவரே சொல்லி, "கரெக்டா?" என்று மைக்கை நீட்டுவார். வந்தவர் வாய் திறப்பதற்குள் மைக் தாய்வீடு திரும்பிவிடும். பிறகு அந்த முகத்தில் எப்படி அவ்வளவு உருக்கம் என்கிறீர்களா? அது தனியாக எடுப்பது. விருந்தினர் கிளம்பிப் போனபின், காலி நாற்காலியைப் பார்த்து வியப்பு ஒன்று, சிரிப்பு ஒன்று, கண்ணோர ஈரத்துடன் பெருமிதம் ஒன்று என்று வரிசையாகக் காட்டுவார். எடிட்டிங் அறையில் வேண்டிய இடத்தில் ஒட்டிக்கொள்வார்கள்.

ஆடிய காலும் பாடிய வாயும் சும்மா இருக்காது என்பார்கள். உருகிய முகம் மட்டும் இருக்குமா?

வெளியூர்க் கல்லூரியில் படிக்கும் அவருடைய மகள் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் பெட்டியோடு வந்து நின்றாள். அப்பா காதுகொடுத்துக் கேட்டாலே போதும், திட்டினாலும் பரவாயில்லை என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு, அவர் மேக்கப்பைக் கலைத்து வரும்வரை காத்திருந்தாள். சாப்பாட்டு மேசையில் எதிரே உட்கார்ந்தாள்.

"அப்பா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

அவ்வளவுதான். நம்மவரின் கை நெஞ்சுக்குப் போனது. புருவம் ஏறியது. கண்ணோரம் அளவாக ஈரம் வந்தது. இந்த வீடே உன்னால் பெருமைப்படுகிறது என்று சொல்லிக் கைதட்டவும் ஆரம்பித்துவிட்டார். அந்தச் சத்தத்துக்கு நடுவில் அவள் சொல்லி முடித்தாள்:

"காலேஜை விட்டுட்டேன்ப்பா. அங்க இருக்கவே பயமா இருக்கு."

கைதட்டல் நிற்கவில்லை. மனைவிதான் அவருடைய இரண்டு கைகளையும் பிடித்து நிறுத்த வேண்டியிருந்தது.

"என்னம்மா சொன்னே? இன்னொரு தடவை சொல்லு" என்றார். அவருடைய தொழிலில் எதையும் இன்னொரு தடவை எடுக்கலாமே.

"ஒரு தடவை சொல்லத்தான் தைரியம் இருந்துச்சுப்பா" என்று எழுந்து உள்ளே போய்விட்டாள்.

எதிரே காலி நாற்காலி. அவருக்கு நன்றாகப் பழகிய காட்சிதான். ஆனால் முகத்தில் எதைக் காட்டுவதென்று தெரியாமல் அப்படியே உட்கார்ந்திருந்தார். எனக்கே பாவமாகிவிட்டது.

உங்களுக்குச் சிரிப்பு வருகிறதா? சற்றுமுன், நீங்கள் இதைப் படித்துக்கொண்டிருந்தபோது, உங்கள் வீட்டில் யாரோ உங்களிடம் ஏதோ சொன்னார்கள். நீங்களும் தலை நிமிராமல் "ம்… சரி சரி" என்றீர்கள்.

எதற்குச் சரி சொன்னீர்கள்?