பச்சைதான்

"சூரியன் எனக்குப் பின்னாடி இருக்குங்க. மூஞ்சி இருட்டா விழும். நீங்க இந்தப் பக்கமா வாங்க" என்றாள் சந்திரிகா.

"எனக்குத் தெரியும். நீ அசையாம நில்லு" என்றார் அரிகிருஷ்ணன்.

சிட்லபாக்கம் ஏரிக்கரையில் அவர்கள் சாயங்கால நடை முடிந்து திரும்பும் இடம் அது. கேமரா என்றாலே ரேஷன் கார்டுக்கு நிற்பதுபோல் விறைத்துக்கொள்பவள் அவள். ஏதாவது நல்லதாகச் சொன்னால் சிரிப்பாள் என்று நினைத்து, போனை உயர்த்தியபடியே, "இந்தப் பச்சைப் புடவை உனக்கு எடுப்பா இருக்கு" என்றார்.

அவள் குனிந்து புடவையைப் பார்த்தாள். நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். "ஆமா, பச்சைதான்" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். படம் விழுந்தது.

மறுநாள் காலை காபி போட அவள் எழுந்திருக்கவில்லை.

வருஷ திதி நெருங்கியபோது கூடத்துச் சுவரில் மாட்ட அந்தப் படத்தைத்தான் எடுத்தார் அரிகிருஷ்ணன். மற்ற படங்களில் எல்லாம் அவள் யாருடைய தோளுக்கோ பின்னால் நின்றாள். இதில்தான் சிரித்தாள். ஒரே ஒரு சங்கடம். அவள் சொன்னபடியே முகம் இருட்டாக விழுந்திருந்தது. உற்றுப் பார்த்தால் பல்வரிசை மட்டும் தெரியும்.

கிழக்குத் தாம்பரத்தில் ஸ்டூடியோ வைத்திருந்த ஆல்வின் படத்தைக் கம்ப்யூட்டரில் பெரிதாக்கிப் பார்த்தான்.

"சார், வெயிலைப் பார்த்து எடுத்துட்டீங்க. மேடம் இந்தப் பக்கம் நின்னிருக்கணும்."

"அவளும் அதைத்தான் சொன்னா."

"கவலைப்படாதீங்க. வெளிச்சம் ஏத்திடலாம்."

ஏற்றினான். சந்திரிகாவின் முகம் மெல்ல மேலே வந்தது. நெற்றி, மூக்குத்தி, கன்னத்து மச்சம். அரிகிருஷ்ணன் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். ஆனால் முகம் வர வர வானம் வெளுத்தது, ஏரி வெளுத்தது. கடைசியில் அவள் தயிர்ச் சட்டிக்குள் நிற்பதுபோல் இருந்தது.

"ஏரி எங்கப்பா?"

"அதுக்கு வேற வானம் போட்டுடலாம் சார்."

இரண்டு நாள் கழித்துப் போனபோது வேறு வானம் போட்டிருந்தான். நீல வானம், பஞ்சுப் பொதிபோல் வெள்ளை மேகம்.

"சிட்லபாக்கத்துல இந்த மேகம் எப்பப்பா வந்தது? கொடைக்கானலுக்கு நான் கூட்டிட்டுப் போகலைன்னு அவ கடைசிவரைக்கும் சொல்லிட்டிருந்தா. இதை மாட்டினா வர்றவங்க கூட்டிட்டுப் போயிட்டேன்னு நினைச்சுக்குவாங்க."

ஆல்வின் பழைய வானத்தையே திரும்பக் கொண்டுவந்து, முகத்துக்கு மட்டும் தனியாக வெளிச்சம் கொடுத்தான். இப்போது ஏரி ஏரியாக இருந்தது. முகமும் முகமாக இருந்தது. அரிகிருஷ்ணன் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அத்தோடு எழுந்து வந்திருந்தால் கதை முடிந்திருக்கும்.

"புடவையை மட்டும் பச்சையாக்கிடு" என்றார்.

ஆல்வின் திரையைப் பார்த்தான். "அரக்கு மாதிரி தெரியுதே சார்?"

"சாயங்கால வெயில்ல எல்லாத்துக்கும் சிவப்பு ஏறும்னு போன தடவை நீதானே சொன்னே?"

"சொன்னேன்."

"அப்ப இறக்கு. நான் நேர்ல பார்த்தவன்."

கஸ்டமரே நேரில் பார்த்தவர் என்றால் ஸ்டூடியோக்காரன் என்ன செய்வான்? சிவப்பை இறக்கினான், பச்சையை ஏற்றினான். புடவை பச்சையானது. கூடவே காதோரமும் கைவிரலும் லேசாகப் பச்சையாயின. "சார், பொட்டு கூட…" என்று இழுத்தான்.

"பொட்டு பொட்டாத்தான் இருக்கு. பிரேம் போட்டுடு."

அந்த ஞாயிற்றுக்கிழமையும் வழக்கம்போல் தெருமுனையில் பூவம்மாளிடம் மீன் வாங்கினார். கோவளத்துப் பக்கமிருந்து கூடையோடு வருபவள். சந்திரிகா இருந்தவரை சந்திரிகாதான் வாங்குவாள். இவர் பையைப் பிடித்துக்கொண்டு நிற்பார். இப்போது தனியாள். ஒரு ஆளுக்கு எவ்வளவு வாங்குவது என்று இன்னும் பிடிபடவில்லை. ஆனாலும் மீனைக் கையில் எடுத்துச் செவுளைத் தூக்கிப் பார்க்காமல் வாங்கமாட்டார்.

"நல்ல ரத்தச் சிவப்பு. இது புதுசு" என்றார்.

"உங்க கண்ணுக்குத் தப்புமா சார்" என்றாள் பூவம்மாள்.

திதியன்று படத்துக்கு மாலை போட்டு, விளக்கேற்றினார்கள். உறவினர்கள் ஒவ்வொருவராக வந்து கும்பிட்டார்கள். கும்பிட்டுவிட்டு ஒரு கணம் கூடுதலாக நின்றார்கள். கடல் கடந்து இருந்த மகள் அனுப்பிரியா வீடியோ காலில் வந்தாள்.

"அப்பா, அம்மா பொட்டு ஏன்ப்பா பச்சையா இருக்கு?"

"உன் போன்ல அப்படித் தெரியும்."

"எனக்கும் அப்படித்தான் தெரியுது மாமா" என்றாள் சந்திரிகாவின் தங்கை பட்டு. "நான் போன்ல பார்க்கலை. நேர்லதான் நிக்கறேன். அக்கா மஞ்சக்காமாலை வந்து பச்சைக்குத் தாண்டின மாதிரி இருக்கா. அவ பச்சைப் புடவையே எடுத்ததில்லை. அது அரக்கு. நாந்தான் அவளோட கடைக்குப் போனேன்."

"அது பச்சை, பட்டு."

"இல்ல மாமா…"

"அவளே சொன்னா." அரிகிருஷ்ணனின் குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. "நான் பச்சைன்னேன். ஆமா, பச்சைதான்னு சொல்லிட்டுச் சிரிச்சா. அதுக்கப்புறம் வீட்டுக்கு வந்து படுத்துட்டா. என்கிட்ட அவ கடைசியா பேசினதுன்னு வேற எதுவும் இல்லை. அதுவும் தப்புங்கிறியா?"

போனில் அனுப்பிரியா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பட்டு குரலைத் தணித்து, "பச்சைதான் மாமா. எனக்குத்தான் மறந்துபோச்சு" என்றாள். அப்படி அவள் விட்டுக்கொடுத்ததுதான் அவரைக் குடைந்தது.

எல்லோரும் கிளம்பும்போது கேட்டார். "அந்தப் புடவை இப்ப எங்கே இருக்கு?"

"காரியம் முடிஞ்சதும் அக்கா துணியெல்லாம் எடுத்துக் கொடுத்தோமே. அது பூவம்மாவுக்குப் போச்சு."

பூவம்மாளிடம் கேட்டபோது, "நல்ல நாளுக்குத்தான் கட்றேன் சார். அம்மா புடவையாச்சே. உங்களுக்கு வோணும்னா வர்ற ஞாயித்துக்கெழமை கட்டிகினு வரேன்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆல்வினையும் கையோடு அழைத்துக்கொண்டு தெருமுனைக்குப் போனார் அரிகிருஷ்ணன். பூவம்மாள் சொன்னபடியே வந்திருந்தாள். கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டு வஞ்சிரத்தை வெட்டிக்கொண்டிருந்தாள். அந்தப் புடவைதான். அதே கரை. ஒரு வருஷம் கழித்து இப்போதுதான் அதைப் பார்க்கிறார்.

"பார்த்துக்க ஆல்வின், பச்சை. இப்ப என்ன சொல்றே?"

ஆல்வின் புடவையைப் பார்த்தான். அவரைப் பார்த்தான். தலையைச் சொறிந்தான். "நீங்களே சொல்லுங்கக்கா. இது இன்னா கலரு?"

பூவம்மாள் கத்தியை நிறுத்தினாள். குனிந்து புடவையைப் பார்த்தாள். நிமிர்ந்து அரிகிருஷ்ணனைப் பார்த்தாள்.

"ஆமா சார், பச்சைதான்" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

அரிகிருஷ்ணனுக்கு அந்தச் சிரிப்பு தெரியும். ஒரு வருஷமாக, காலைச் சாப்பாட்டுக்குச் சர்க்கரை டப்பாவில் போனைச் சாய்த்துவைத்து அவர் பார்த்துக்கொண்டிருக்கும் சிரிப்பு அது.

"பூவம்மா" என்றார் மெதுவாக. "எனக்காகச் சொல்லாதே. நிஜத்தைச் சொல்லு."

அவள் கையைத் துடைத்துக்கொண்டாள். வெட்டிய மீனைப் பையில் போட்டு அவரிடம் நீட்டினாள்.

"'எங்க வூட்டுக்காரருக்கு செவப்பும் பச்சையும் ஒண்ணுதான் பூவம்மா, அவருக்கே தெரியாது, சொன்னா மனசு ஒடிஞ்சுடுவாரு, எது சொன்னாலும் ஆமான்னுடு'ன்னு அம்மா சொல்லிகீறாங்க சார். நீங்க செவுளைத் தூக்கிப் பாக்கறதெல்லாம் நான் மொதல்லியே நல்லதாப் பாத்து எடுத்து வெச்சதுதான், இன்னிக்கு வஞ்சிரமும் அப்டித்தான்."