பதினைந்து முறை சொன்னார்கள், பதினைந்தையும் எழுதினேன்

எதையும் நேரம் போட்டு எழுதிவைக்கிற ஆள் நான். இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். வீட்டில் காஸ் சிலிண்டர் மாற்றிய நாள், கிணற்று மோட்டார் நின்றுபோன நாள், என் மாமனார் கடைசியாக என்னைப் பார்த்துச் சிரித்த நாள் எல்லாம் என் நோட்டுகளில் உண்டு. இது நல்ல பழக்கம் என்று நாற்பத்தேழு வயதுவரை நம்பியிருந்தேன்.

புதுக்கடைப் பக்கம் ஒரு கிளை நூலகத்தில் நூலகராக இருக்கிறேன். வீடு சுசீந்திரத்தில். காலையில் நாகர்கோவிலில் பஸ் மாறி, கருங்கல் வழியாகப் போய்ச் சேரும்போதே பாதி உயிர் போயிருக்கும். (மீதிப் பாதி திரும்பி வரும்போது.) இப்படிப் பதினோரு வருடம் ஓடிய பிறகு, சுசீந்திரத்துக் கிளையில் ஓர் இடம் காலியானது. வீட்டிலிருந்து நடந்தே போகலாம். மாறுதல் கேட்டேன். அலுவலகத்தில் ஒரே நிபந்தனைதான் சொன்னார்கள். மின்னூலகச் சேவை பற்றிய ஐந்து நாள் இணையவழிப் பயிற்சிக்கு வந்து, முடிவில் பரீட்சையும் எழுதி வாங்கிய சான்றிதழ் வேண்டும்.

என் மனைவி பகவதி அன்றைக்கே முடிவு செய்துவிட்டாள். "இனி மத்தியானம் வீட்டுல வந்து சூடா உண்ணலாம். அந்த டிபன் பாத்திரத்தத் தூக்கிப் பரணுல போட்டுருவேன், கேட்டியளா?"

அதற்கு முன் எத்தனையோ பயிற்சிகளுக்குப் போயிருக்கிறேன். எல்லாவற்றிலும் ஒரு வடையும் ஒரு குழுப் புகைப்படமும் இருக்கும். கற்றது எதுவும் நினைவில்லை, வடை நினைவிருக்கிறது. இந்தப் பயிற்சியில் வடையும் கிடையாது. ஆனால் இதைவிட முக்கியமான பயிற்சி என் வாழ்க்கையில் வந்ததில்லை. எனவே புதிதாக ஓர் இருநூறு பக்க நோட்டு வாங்கினேன். நூலகத்தில் என் மேசையில் ஒரு தடித்த அகராதியைச் செங்குத்தாக நிறுத்தி, அதில் போனைச் சாய்த்துவைத்தேன். கேமராவில் என் முகம் தெரிந்தது. நோட்டின் முதல் பக்கத்தில் கையெழுத்திட்டு, வருகை நேரத்தையும் குறித்தேன். வந்தாயிற்று, கையெழுத்தும் போட்டாயிற்று. இதற்குமேல் ஒரு நூலகர் என்னதான் செய்யவேண்டும்?

பயிற்சி கொடுத்தவர் ஓர் இளம்பெண். அவர் பேசியதை ஒரு வரி விடாமல் எழுதினேன். இருமியதை மட்டும் விட்டுவிட்டேன். (முதல் நாள் அதையும் எழுதி, பிறகு அடித்தேன்.)

மூன்றாம் நாள், எதிர் மேசையில் பத்திரிகை படித்துக்கொண்டிருந்த நேசையன் தலையைத் தூக்கினார். ஓய்வுபெற்ற கண்டக்டர், நூலகம் திறப்பதற்கு முன்பே வந்து நிற்பவர்.

"சாரே, அந்தப் பிள்ள எப்பவும் என்னத்தயோ நெரப்பணும் நெரப்பணும்னு சொல்லுதே, நீரு நெரப்பினீரா?"

நான் சுவரில் இருந்த 'அமைதி காக்கவும்' பலகையைக் காட்டி, வாயில் விரலை வைத்தேன். அவர் பேசியதால் ஒரு வாக்கியம் தவறிவிட்டதே என்ற எரிச்சல் வேறு.

ஐந்தாம் நாள் மாலை, வருகை பதிவாகாதவர்களின் பெயரைப் படித்தார்கள். ஒரே ஒரு பெயர். என்னுடையது.

மியூட்டை எடுத்தேன். மாவட்டத்து நூலகர்கள் அத்தனை பேரும் கேட்டுக்கொண்டிருக்க, என் குரலில் ஒரு கம்பீரம் இருந்தது.

"மேடம், இதில் ஏதோ பிழை இருக்கிறது. ஐந்து நாளும் ஒரு நிமிடம்கூட நான் நகரவில்லை. நடந்ததெல்லாம் நேரத்தோடு எழுதிவைத்திருக்கிறேன். வாசிக்கட்டுமா?"

"வாசிங்க சார்."

"முதல் நாள், காலை 10.52. 'சாட்ல லிங்க் போட்டிருக்கேன், வருகைப் படிவத்தை இப்பவே நிரப்புங்க, பத்து நிமிஷத்துல மூடிடும்.' முதல் நாள், மதியம் 12.40. 'மறுபடியும் லிங்க் போட்டிருக்கேன், நிரப்பாதவங்களுக்குச் சான்றிதழ் கிடையாது.' முதல் நாள், மாலை 3.35. 'சிலர் இன்னும்...'"

அந்த இடத்தில்தான் நான் என்ன வாசிக்கிறேன் என்பது என் காதில் விழுந்தது. ஒரு நாளைக்கு மூன்று வீதம் பதினைந்து அறிவிப்புகள். பதினைந்தும் என் நோட்டில், அடித்தல் திருத்தல் இல்லாமல் இருந்தன. அவர் லிங்கைப் போட்ட ஒவ்வொரு முறையும், லிங்க் போட்டதாக அவர் சொன்னதை எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அந்தப் பெண், மிகுந்த மரியாதையுடன், "சார், நான் சொன்னதை இவ்வளவு கவனமா யாருமே கேட்டதில்ல" என்றார். போன் திரை முழுக்கச் சிரிக்கிற மஞ்சள் முகங்கள் மிதந்து மேலே போயின.

நேசையன் பத்திரிகையை மடித்தார். "நான் அண்ணைக்கே கேட்டேன். நீரு வாயில வெரல வச்சுக் காட்டினீரு."

மேல்முறையீடு செய்யலாமா என்று யோசித்தேன். ஆதாரம் கேட்பார்கள். என்னிடம் இருந்த ஒரே ஆதாரம் அந்த நோட்டு.

மறுநாள் காலை, ஷீபா என்ற நூலகர் போன் செய்தார். பயிற்சியின்போது பாதி நேரம் அவருடைய கட்டத்தில் காலி நாற்காலிதான் தெரியும். ஆனால் படிவம் பதினைந்தையும் நிரப்பியிருந்தார்.

"அண்ணா, நாளைக்குப் பரீட்சையாக்கும். எனக்கு ஒண்ணும் ஓர்மையில்ல. உங்களுக்க நோட்ட போட்டோ எடுத்து அனுப்புவியளா?"

அனுப்பினேன், அத்தனை பக்கங்களையும் வரிசை மாறாமல். அவர் மாவட்டத்திலேயே முதல் மதிப்பெண் வாங்கினார். அவரும் மாறுதல் கேட்டிருந்தாராம், சுசீந்திரத்துக் கிளை அவருக்குக் கிடைத்தது. பகவதி அங்கே உறுப்பினராகச் சேர்ந்திருக்கிறாள். நல்ல பிள்ளை, கேட்ட புத்தகத்தை உடனே எடுத்துத் தருகிறது என்று பாராட்டுகிறாள்.

எனக்கு இன்னும் கருங்கல் வழிதான். இரண்டு பஸ் மாறி வந்து, வாசலில் செருப்பைக் கழற்றியபடி, "நான் வந்துட்டேன்" என்பேன். அடுக்களையிலிருந்து பகவதி எட்டிக்கூடப் பார்ப்பதில்லை.

"நெசமாட்டு வந்தியளா, இல்ல வந்ததா எழுதி மட்டும் வச்சியளா?"