படுக்கை மெக்கானிக்

செஞ்சியில் உயிரோடு இருக்கும்போதே அதிகக் கும்பிடு வாங்கிய மனிதர் படுக்கை மெக்கானிக்தான். ஓட்டுக் கேட்டு வந்தவர்களுக்குக்கூட அத்தனை கும்பிடு விழுந்திருக்காது.

காரணம், அவர் வேலை பார்க்கும் விதம். கோளாறு என்று வண்டி வந்தால் பானெட்டைத் திறக்க மாட்டார். சொந்தக்காரரை ஓட்டச் சொல்லிவிட்டு, பின்னால் மூட்டை ஏற்றும் இடத்தில் மல்லாந்து படுத்து, கண்ணை மூடி, கைகளை நெஞ்சின்மேல் கட்டிக்கொள்வார். "காது ஏமாத்தும். முதுவு ஏமாத்தாது" என்பார். வண்டி மெதுவாகப் போகும். பார்ப்பவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிடுவார்கள். ஒருமுறை கூட்டுரோட்டில் ஒரு பூக்காரம்மா, "எந்த ஊட்டு மவராசனோ!" என்று ஒரு கை உதிரிப்பூவை வீசினார். சட்டென்று எழுந்து உட்கார்ந்த மெக்கானிக், "ஸ்பிரிங் பட்டை ஒடஞ்சிருக்குது" என்றார். அந்தம்மா கூடையைப் போட்டுவிட்டு ஓடியே போனார்.

என் நைனா, ஏதோ கம்பெனி ஏலத்தில் விட்ட பழைய பிக்கப் ஒன்றை வாங்கி வந்தார். ஆட்டோமேட்டிக் கியர். செஞ்சியில் அதுவரை யாரும் அப்படியொன்றைத் தொட்டதில்லை. அனந்தபுரத்திலிருந்து, மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலை மூட்டை ஏற்றி வரும்போது இரண்டாவது கியரிலேயே நின்று கதறும். பிறகு யாரோ பின்னாலிருந்து உதைத்ததுபோல மூன்றாவதற்குத் தாவும். மல்லாட்டை சீசன் அப்போதுதான் தொடங்கியிருந்தது. வண்டி படுத்தால் வியாபாரிகள் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார்கள் என்று நைனாவுக்குப் பயம்.

மெக்கானிக் உள்ளே எட்டிப் பார்த்தார்.

"கிளச்ச எவன்யா கழட்டினு போனான்?"

"இதுக்குக் கிளச்சே கெடயாதுணா" என்றேன்.

"அப்போ எடது காலுக்கு இன்னா வேல? சும்மா குந்தினு வருமா?"

ஆனாலும் படுத்தார். காலியாக ஒரு சுற்று, மூட்டையோடு ஒரு சுற்று, மேல்சித்தாமூர் ரோட்டில் இன்னொரு சுற்று. டீக்கடை வாசலில் இறங்கி நைனாவிடம் சொன்னார்: "கியர் பொட்டி நல்லாத்தான் இருக்குது மாமா. அதுக்குப் போற சேதிதான் தப்பு. நீ லேசா மிதிச்சாலும், முழுசா மிதிக்கிறேன்னு நெனச்சிக்குது."

எங்கள் வீட்டில் முதன்முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். ஆட்டோமொபைல் டிப்ளமோ, முதல் வகுப்பு. கியர் தாமதமாக மாறி உதைத்தால் பெட்டிக்குள் தட்டுகள் தேய்ந்திருக்கும் என்று படித்திருந்தேன். ஆக்சிலேட்டர் கேபிள் இறுகினாலும் அப்படித்தான் உதைக்கும் என்றும் அதே பக்கத்தில் இருந்தது. அது அப்போது நினைவுக்கு வரவில்லை.

எல்லோர் முன்னாலும் கேட்டேன்: "முதுவாலயே கண்டுபுடிக்கலாம்னா, நாங்க எதுக்குணா மூணு வருசம் பெஞ்சுல ஒக்காந்தோம்?"

"அண்ணன் முதுவுக்கும் ஒரு டிப்ளமோ குடுங்கப்பா!" என்றார் ஒருவர். கடையே சிரித்தது. நைனாவும் பெருமையோடு சிரித்தார். மெக்கானிக் பாதி டீயை வைத்துவிட்டுப் போனார்.

தட்டுகள்தான் என்று நான் சொன்னபடி வண்டி சென்னைக்குப் போனது. பெட்டியைப் பிரித்து, தட்டுகளை மாற்றி அனுப்பினார்கள். திரும்பி வந்தும் அதே கதறல், அதே உதை. அதற்குள் சீசன் முடிந்து, வியாபாரிகள் வேறு வண்டிக்குப் போயிருந்தார்கள். நைனா என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

அப்புறம்தான் நானே பானெட்டைத் திறந்தேன். ஆக்சிலேட்டரிலிருந்து கியர் பெட்டிக்குப் போகும் மெல்லிய கேபிள் விறைத்துக் கிடந்தது. திருகைக் கொஞ்சம் தளர்த்தினேன். தூங்குகிற குழந்தையைத் தோள் மாற்றுவதுபோலக் கியர் மாறியது.

நேராக மெக்கானிக் கடைக்குப் போனேன். எல்லா மெக்கானிக்கையும்போல அவரும் ஒரு வண்டியின் பானெட்டைத் திறந்துவைத்து நின்றுகொண்டிருந்தார்.

"நீ சொன்னதுதாண்ணா சரி. கேபிளுதான். ஒரு தபா படுத்துப் பாருணா."

"நீ பாத்தா போதும் பாப்பா. படிச்ச பொண்ணு." குரலில் கோபமே இல்லை. "நான் இப்பல்லாம் படுக்கறதில்ல. சிரிக்கிறாங்க."

டீக்கடையில் போய், தப்பு என்னுடையது என்று எல்லோரிடமும் சொன்னேன். அதற்கும் சிரித்தார்கள்.

இப்போது அந்த வண்டியை நான்தான் ஓட்டுகிறேன். மூட்டை ஏற்றும்போது நடுவில் ஓர் ஆள் நீளத்துக்கு இடம் விட்டுவிடுகிறேன். கேட்பவர்களிடம், பழைய வண்டி, அதிகப் பாரம் தாங்காது என்கிறேன்.