முப்பது மரங்களுக்கு நான் போட்ட கட்டு

ஒரு ஊரையே மூன்று நாள் வெளியே போகவிடாமல் அடைத்து வைத்த பெருமை எனக்கு உண்டு. பூட்டு, சாவி, போலீஸ் எதுவும் தேவைப்படவில்லை. ஆறு பழைய வேட்டியும் கொஞ்சம் மஞ்சள்தூளும்தான் செலவு. (வேட்டிகள் அப்பாவுடையவை, வீட்டிலிருந்து சொல்லாமல் எடுத்து வந்தவை. சலவைக்காரர்மேல் பழி விழுந்தபோது நான் வாயைத் திறக்கவில்லை.)

எண்பதுகளின் தொடக்கம். மெட்ராஸில் ஓவியம் படித்துவிட்டு, ஜமுனாமரத்தூரிலிருந்து ஒரு மணி நேரம் நடந்தால் வரும் மலைக் கிராமத்தில் டிராயிங் டீச்சராகச் சேர்ந்து நாலு மாதம் ஆகியிருந்தது. வயது இருபத்து மூன்று. எனக்குத் தெரியாதது என்று உலகத்தில் ஏதாவது இருக்கக்கூடும் என்ற சந்தேகமே வராத வயது.

ஊர் எல்லையில் முப்பது மரங்களுக்கு ஒரு கான்ட்ராக்டர் வெள்ளைப் பெயின்ட்டால் நம்பர் போட்டிருந்தார். எங்கேயோ வெடிகுண்டு அடுக்குகிற பெட்டி செய்ய அந்த மரங்கள் போகின்றன என்று லாரி டிரைவர் டீக்கடையில் சொன்னதைக் கேட்டேன். எனக்கு ரத்தம் கொதித்துவிட்டது. யாரோ யாரோடோ சண்டை போட இங்கே காடு போக வேண்டும். காடு போனால் மழை போகும். மழை போனால் பட்டினி கிடப்பது சண்டை போட்டவனா, இந்த மலையில் சாமை விதைத்தவனா?

இதை இன்ஸ்டலேஷனாகச் செய்வது என்று முடிவெடுத்தேன். படத்தைச் சுவரில் மாட்டாமல், பொருள்களையே ஓரிடத்தில் வைத்து, பார்ப்பவரை நடுவில் நடக்கவிடும் கலை. கல்லூரியில் எங்கள் பேராசிரியர் வெளிநாட்டுப் பத்திரிகையைக் காட்டிச் சொல்லிக்கொடுத்தது. வந்து பார்க்கும்படி அவருக்குக் கடிதமும் போட்டுவிட்டேன்.

போரில் காயம்பட்ட மரங்களுக்குக் கட்டுப் போடுவதுதான் என் கற்பனை. வேட்டியைக் கிழித்தேன். வெள்ளைத் துணி தூரத்தில் எடுபடாது என்று மஞ்சளில் நனைத்தேன். ஒவ்வொரு கட்டிலும் ஒரு கொத்து வேப்பிலை செருகினேன். யாரிடமாவது ஒரு வார்த்தை கேட்டேனா? கலைஞர்கள் கேட்க மாட்டார்கள்! ஊர் எழுந்திருக்கும் முன்பே முப்பது மரத்துக்கும் கட்டிவிட்டு, குளித்துவிட்டு, பாராட்டுக்காகக் காத்திருந்தேன்.

முதலில் வந்தவள் காளியம்மா. நான் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரி. கையில் அரிவாள்.

"இன்னா டீச்சர் பண்ணிட்டீங்க? காப்பு கட்டிட்டீங்களே!"

அப்போதுதான் விஷயம் புரிந்தது. எல்லை மரத்தில் மஞ்சள் துணியும் வேப்பிலையும் ஏறினால் மாரியம்மன் பண்டிகை தொடங்கிவிட்டது என்று அர்த்தம். முடியும்வரை ஊருக்குள் இருப்பவர் எல்லை தாண்டக் கூடாது. மரத்தில் கோடாலியோ, கொல்லை என்று இவர்கள் சொல்லும் வயலில் அரிவாளோ படக் கூடாது. பண்டிகை எட்டு நாள். சாமையோ முற்றித் தலைசாய்ந்து நின்றது. நாலைந்து நாள் தாமதித்தால் மணி உதிர்ந்துவிடும். மேலே ஐப்பசி மேகம் வேறு திரண்டிருந்தது.

"இதோ, ஓடிப்போய் அவிழ்த்துடறேன்" என்றேன்.

"ஐயோ, தொடாதீங்க! பண்டிகை முடிச்சுதான் அவுக்கணும். எங்க சாமைய இன்னா பண்ணச் சொல்றீங்க?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. ஒரு வருஷத்துச் சோற்றை நான் மஞ்சளில் முக்கிக் கட்டியிருந்தேன்.

ஊருக்குத் தலைவரான ஊர்க்கவுண்டர் திட்டவில்லை. "வழக்கமா எட்டு நாளுங்க. மூணு நாள்ல முடிச்சுக்கலாமான்னு அம்மாகிட்ட பூ கேப்போம்" என்றார். அம்மன் தலையில் வைத்த பூ வலப்பக்கம் விழுந்தால் சம்மதம். அது விழவே இல்லை. ஊர் முழுக்கப் பூவைப் பார்த்தது. காளியம்மா மட்டும் என்னைப் பார்த்தாள். கடைசியில் ஒருவழியாக வலப்பக்கம் விழுந்தது.

"கட்டினது டீச்சர்தானே? அப்ப விரதமும் அவங்களுக்குத்தான்" என்று காளியம்மா தீர்ப்பு சொன்னாள். செருப்பில்லை, ஒருவேளைக் கூழ், மூன்றாம் நாள் தலையில் கரகம். (நான் பஸ்ஸில் கைக்குடையைக்கூடப் பத்திரமாகக் கொண்டுபோகாதவள்.)

இரண்டாம் நாள் காலை பேராசிரியர் வந்தார். பெல்பாட்டம், கழுத்தில் கேமரா, மூன்று மணி பஸ்ஸைப் பிடித்துத் திரும்பிவிடும் எண்ணம். எல்லைக்குள் அவர் காலை வைத்த பிறகுதான் காளியம்மா சொன்னாள்:

"வாங்க சார். செருப்பக் கழட்டுங்க. நாளைக்கு சாயங்காலம்தான் போவலாம்."

அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. அவர் செருப்பைக் கழற்றினார்.

அடுத்த நாள் கூழ்ச் செம்போடு என் பக்கத்தில் உட்கார்ந்து, "எத்தனையோ கண்காட்சி பார்த்திருக்கிறேன். பார்க்க வந்தவனை வெளியே விடாத கண்காட்சி இதுதான்" என்றார். அது பாராட்டா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. அன்று சாயங்காலம் கரகம் இரண்டு முறை சாய்ந்தது. இரண்டு முறையும் காளியம்மாதான் பிடித்தாள்.

நான்காம் நாள் விடிந்ததும் மொத்த ஊரும் கொல்லையில் இறங்கியது. நானும் அறுத்தேன், அதில் என் விரலும் சேர்த்தி. பேராசிரியர்கூட ஒரு பஸ்ஸை விட்டுவிட்டுக் கட்டுத் தூக்கினார். மறுநாள் மதியம் மழை கொட்டியபோது சாமை எல்லாம் வீடு சேர்ந்திருந்தது, காளியம்மாவின் கொல்லையில் ஒரு மூலையைத் தவிர. அந்த மூலைக்காக நான் இன்றும் வெட்கப்படுகிறேன்.

அடுத்த வாரம் கான்ட்ராக்டர் லாரியோடு வந்தார். "ஒருதரம் காப்பு கட்டின மரம் அம்மாவோடது. பண்டிகை முடிஞ்சாலும் அதுல யாரும் கோடாலி வெக்க மாட்டோம்" என்று ஊர்க்கவுண்டர் ஒரே பேச்சில் முடித்துவிட்டார். வெளியாட்களைக் கூட்டிவந்தும் பயனில்லை. விஷயம் தெரிந்ததும் அவர்களும் கோடாலியைத் தோளிலேயே வைத்துக்கொண்டார்கள். லாரி காலியாகத் திரும்பியது. என் கலை யாருக்கும் புரியவில்லை. மரம் மட்டும் பிழைத்தது.

கல்யாணமாகி மலையிறங்கிப் பல வருஷம் ஆகிவிட்டது. எனக்கு ஏதாவது யோசனை தோன்றியது என்று வாயெடுத்தாலே, "அம்மா, எத்தனை நாளைக்கு வெளியே போகக் கூடாது?" என்று என் மகள் கேட்கிறாள். வருஷம் தவறாமல் திருப்பத்தூர் பஸ்ஸில் யாரிடமாவது காளியம்மா எங்களுக்கு ஒரு சாமை மூட்டை கொடுத்தனுப்புகிறாள், கூடவே அதே சேதியையும்: "வெள்ளத் துணியிலதான் கட்டியிருக்கேன், டீச்சர். தைரியமா அவுத்துடுங்க."