அப்பாவின் லாப்டொப்பில் சியாமளா

புது லாப்டொப் ஒன்றை வேகமாக்க மிகச் சிறந்த வழி, அது இருக்கும் அறைக்குள் என்னை விடாமல் இருப்பதுதான். எங்கள் குடும்பத்தில் இதை எல்லோரும் ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். நானும்தான். ஆனால் அதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை வீணாகவேண்டியிருந்தது.

அம்மா செத்துப்போன மாதம் அது. (காலமானார் என்று எழுதவேண்டுமாம். அம்மாவுக்கு அப்படிப் பெரிய சொல்லெல்லாம் சரிவராது.) லண்டனில், குட்மேய்ஸில் எங்கள் வீட்டில் நானும் அப்பாவும் மட்டும். இரண்டு ஆம்பிளைகள் ஒரு வீட்டில் இருந்தால் எவ்வளவு சத்தமில்லாமல் இருக்கலாம் என்பதை அந்த மாதம்தான் கண்டுபிடித்தேன். அப்பா பெற்றோல் ஸ்டேஷனில் நைட் ஷிப்ட். நான் கடையொன்றில் பெட்டி தூக்கும் வேலை. "சாப்பிட்டியோ?", "ஓம்." அதுதான் எங்கள் கதை முழுக்க.

எங்கள் ஆட்களில் ஒருவர் இறந்தால், முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்குக்கு வருகிறவர்களுக்கு அவரைப் பற்றி ஒரு சின்னப் புத்தகம் அச்சடித்துக் கொடுப்பார்கள். கல்வெட்டு என்று பெயர். (கல் இல்லை, கடதாசிதான்.) தேவாரம் இருக்கும், ஆருக்கு ஆர் பிள்ளை என்ற விபரம் இருக்கும், இறந்தவரைப் புகழ்ந்து நாலு பாட்டு இருக்கும். பாட்டெல்லாம் அச்சகத்தில் ரெடியாக இருக்கிறது, பெயரை மாற்றினால் போதும். அச்சகக்கார அண்ணை மாதிரிக்குக் காட்டியதை அப்பா வாசித்துப் பார்த்துவிட்டு, திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"பொறுமையின் சிகரம் எண்டு கிடக்கு. கொம்மா பஸ் ட்ரைவரோட சண்டை பிடிச்சு நடு ரோட்டிலை இறங்கினவள். நானே எழுதுறன்."

அம்மா போனபிறகு அப்பா பேசிய மிக நீளமான பேச்சு அது.

அடுத்த நாளே லாப்டொப் வாங்கிவிட்டார். அச்சகக்கார அண்ணை ஒருநாள் வீட்டுக்கு வந்து அதில் தமிழ் எழுத வைத்துக்கொடுத்துவிட்டுப் போனார். நான் வேலையில் இருந்தேன், எப்படி வைத்தார் என்று பார்க்கவில்லை, கேட்கவும் இல்லை. (அது கேட்டிருக்கவேண்டிய கேள்வி.) அன்றிலிருந்து அப்பா வேலைக்குப் போகமுன்னர் ஒற்றை விரலால் தட்டிக்கொண்டிருப்பார். எட்டிப் பார்த்தால் மூடிவிடுவார். "முடியட்டும்" என்பார்.

பிரச்சினை என்னவென்றால் அந்த லாப்டொப் எருமை மாதிரி. கடையிலேயே அதற்குள் ஆயிரம் சாமானை ஏற்றி அனுப்பியிருந்தார்கள். போட்டோவுக்கு ஒன்று, பாட்டுக்கு இரண்டு, ஒரு மாதம் இலவச இன்டர்நெட் என்று கெஞ்சுவதற்கு மூன்று. வைரஸ் பிடிக்கிறதுக்கென்று வந்தது எல்லாவற்றையும்விட மோசம். திறந்தவுடன் சிவப்புப் பெட்டி ஒன்று பாய்ந்து வந்து, உன் பாதுகாப்பு எக்ஸ்பயர்ட் என்று கத்தும். எக்ஸ்பயர்ட் என்ற ஆங்கிலச் சொல் எங்கள் ஊரில் சாவுத் தந்தியில் மட்டும்தான் வரும். முதல் நாள் அதைப் பார்த்துவிட்டு அப்பா எழும்பிக் குசினிக்குள் போனவர், கனநேரம் வரவில்லை.

அதைவிடக் கஷ்டம், அது திறந்து முடிக்கும்வரை அப்பா என்ன செய்வார் என்பது. பக்கத்தில் சுவரில் அம்மாவின் படம். லாப்டொப் சுற்றிக்கொண்டேயிருக்க, அப்பா படத்தைப் பார்த்துக்கொண்டேயிருப்பார். என்னால் அதைப் பார்க்க ஏலவில்லை. அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நான் ஒன்றுக்கும் உதவவில்லை. டொக்டர் சொன்ன ஆங்கிலம்கூட எனக்குப் பாதிதான் விளங்கியது. யாழ்ப்பாணம், ஜெர்மனி, லண்டன் என்று மூன்று நாட்டில் பள்ளிக்கூடம் போனவன் நான். மூன்றிலும் முதல் புத்தகம் முடியமுன்னர் வீடு மாறிவிட்டோம். அப்பாவுக்கு இந்த லாப்டொப்பையாவது ஓடவைத்துக் கொடுத்துவிடவேண்டும் என்று நினைத்தேன். அவ்வளவுதான் என் பெரிய எண்ணம்.

எழுதியதைத் திங்கள் காலை அச்சகத்துக்குக் கொடுக்கவேண்டும். அப்போதுதான் அந்தியேட்டிக்குப் புத்தகம் வரும். ஞாயிறு மத்தியானம் அப்பா மரக்கறி வாங்கப் போயிருந்தார். அம்மாவின் தங்கச்சி, சித்தி, மோர்டனிலிருந்து ரெயில் மாறி மாறி வந்து எங்களுக்குச் சமைத்துக்கொண்டிருந்தா. நான் சட்டைக் கையை மடித்துக்கொண்டு இறங்கினேன். (மவுஸைப் பிடிக்க ஏன் சட்டைக் கையை மடிக்கவேண்டும் என்று கேட்காதீர்கள்.)

இன்டர்நெட்டில் ஒரு வெள்ளைக்காரப் பொடியன் எழுதியிருந்தான்: உனக்குத் தேவையில்லாததை எல்லாம் தூக்கு. எனக்கு எது தேவை என்று எப்படித் தெரியும்? நான் ஒரு சட்டம் போட்டேன். பெயரை வாசிக்க ஏலாவிட்டால் தூக்கு. அந்தச் சட்டப்படி லாப்டொப்பில் முக்கால்வாசி போய்விட்டது. இடையில் சத்தம் வருகிற சாமானும் போய், லாப்டொப் ஊமையாகிவிட்டது. நான் அதை ஒரு முன்னேற்றமாகத்தான் எடுத்துக்கொண்டேன். நிற்பாட்டித் திரும்பப் போட்டுப் பார்த்தேன். கண்ணை மூடித் திறக்கமுன்னர் வந்துவிட்டது! சிவப்புப் பெட்டியும் இல்லை.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆனால் அந்தப் பொடியன் கடைசியில் இன்னொன்றும் எழுதியிருந்தான். ஃபொன்ட்ஸ் என்று ஒரு ஃபோல்டர் இருக்கும், அதில் கனக்கச் சேர்ந்தால் கொம்பியூட்டர் மெதுவாகும் என்று. ஃபொன்ட் என்றால் எழுத்தின் வடிவம் என்று இப்போது தெரியும். அப்போது தெரியாது. திறந்து பார்த்தால் உள்ளே நிறையப் பெயர்கள். ஜோர்ஜியா. லூசிடா. வெர்டானா. எல்லாம் வெள்ளைக்காரப் பொம்பிளைகளின் பெயர்கள் மாதிரிப் பட்டது. இதென்னடா என்று கீழே போனேன்.

சியாமளா.

அதற்குக் கீழே சியாமளா போல்ட். அதற்கும் கீழே சியாமளா இட்டாலிக்.

எனக்கு வேர்த்துவிட்டது. போல்ட் என்றால் துணிச்சல் என்று கடை மனேஜர் சொல்லிக்கொடுத்திருந்தார். ஆக, ஒருத்தி வெறும் சியாமளா. ஒருத்தி துணிஞ்ச சியாமளா. மற்றவள் இத்தாலிச் சியாமளா. (சிரிக்காதீர்கள். இத்தாலியில் எங்கள் சனம் எவ்வளவு இருக்கிறது தெரியுமோ?) கலியாணப் புரோக்கர் அனுப்பியதாகத்தான் இருக்கவேண்டும். கடைக்காரன் ஏற்றி அனுப்பியதாக்கும் என்று திகதியைப் பார்த்தேன். வெள்ளைக்காரிகள் எல்லோரும் லாப்டொப்போடு வந்தவர்கள். சியாமளாக்கள் மூன்று பேர் மட்டும் இரண்டு கிழமைக்கு முந்தி வந்திருக்கிறார்கள். அதாவது அப்பாதான் கொண்டுவந்து வைத்திருக்கிறார். எட்டிப் பார்த்தால் மூடுகிறது இதற்குத்தானா?

திறந்து பார்க்கப் பயமாக இருந்தது. படம் வந்துவிட்டால்?

"சித்தி," என்று கூப்பிட்டேன், "உங்களுக்குச் சியாமளா எண்டு ஆரையும் தெரியுமோ?"

"எந்தச் சியாமளா? ஏன்ரா?"

"அப்பாவின்ர லாப்டொப்பிலை இருக்கிறா. மூண்டு பேர்."

சித்தி அகப்பையோடு வந்து எட்டிப் பார்த்தா. "அக்காவின்ர அந்தியேட்டி முடியேல்லை," என்றா. பிறகு கதிரையில் இருந்துவிட்டா. அந்த முகத்தைப் பார்த்ததும் எனக்கு வந்த கோபத்தில் மூன்று பேரையும் பிடித்து, திரும்ப எடுக்க ஏலாத மாதிரி அழித்தேன். இத்தாலிக்காரியை இரண்டு தரம் அமத்தினேன்.

கதவு திறந்தது. அப்பா முருங்கைக்காயோடு நின்றார். சித்தி நேராகக் கேட்டா.

"அத்தான், ஆர் சியாமளா?"

"ஏன், சியாமளாவுக்கு என்ன?"

"அப்ப இருக்கிறாள்!"

"ஓம். அது இல்லாட்டில் நான் என்னெண்டு எழுதுறது?"

"அது இது எண்டு சொல்லுற அளவுக்குப் பழக்கமோ?"

அப்பாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "அச்சகக்கார அண்ணைதான் தந்தவர். சியாமளாதான் வடிவு, ஆக்களுக்குப் பிடிக்கும் எண்டவர். எனக்குச் சாதாரணம் காணும். தலைப்புக்கு மட்டும் போல்ட்."

"சீலைத் தலைப்போ? சீலை எடுத்துக் குடுக்கிற அளவுக்குப் போட்டுதோ?" சித்தி அழத் தொடங்கிவிட்டா. "என்ர அக்கா ஒரு நல்ல சீலை கட்டினவளோ..."

"சீலையோ? புத்தகத்தின்ர தலைப்பு. கல்வெட்டு!" அப்பா முருங்கைக்காயைக் கீழே வைத்தார். "சியாமளா எண்டுறது தமிழ் எழுத்து. அச்சடிக்கிற எழுத்து."

குசினியில் ஏதோ அடிப்பிடிக்கும் மணம் வந்தது. ஒருவரும் அசையவில்லை.

"அப்பா," என்றேன், "நான் சியாமளாவை அழிச்சுப்போட்டன்."

அப்பா போய் லாப்டொப்பைத் திறந்தார். என் புண்ணியத்தில் எல்லாம் மின்னல் வேகத்தில் திறந்தது. ஒரு நிமிசம்கூட நம்பிக்கையோடு இருக்க விடவில்லை. அப்பா இரண்டு கிழமையாக எழுதிய பக்கங்களில் ஒரு தமிழ் எழுத்து இல்லை. mk;kh என்று தொடங்கி, பூனை கீபோர்ட்டில் நடந்த மாதிரி ஏதேதோ.

நான் திருத்துகிறேன் என்று கையை விட்டேன். (அப்பா ஏன் அப்போதே தடுக்கவில்லை என்று இன்றைக்கும் யோசிக்கிறேன்.) சோதித்துப் பார்க்கத் தனியாக நின்ற கடைசி வரியை மட்டும் எடுத்து, ஜோர்ஜியா எழுத்துக்கு மாற்றி சேவ் பண்ணினேன். ஜோர்ஜியாவும் அதையேதான் சொன்னாள், கொஞ்சம் வடிவாகச் சொன்னாள். அதோடு கையை எடுத்துவிட்டேன். அச்சகத்துக்குப் போன் அடித்தால் ஞாயிற்றுக்கிழமை, ஒருவரும் எடுக்கவில்லை. எல்லாம் போய்விட்டது என்றுதான் நான் நினைத்தேன். அம்மாவுக்கு எழுதியது முழுவதையும் அழித்தவன் நான்.

"அழாதை," என்றார் அப்பா. "நான் தட்டினதுதானே. எம் எண்டால் அ. கே எண்டால் ம." விரலைத் திரையில் வைத்தார். "அம்மாவைப் பற்றி..." என்று வாசிக்கத் தொடங்கினார்.

அவர் எழுத்தைப் பார்க்கவில்லை, கீபோர்ட்டில் எந்தக் கட்டையைத் தட்டினார் என்பதைப் பார்த்து வாசித்தார். ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி, பிள்ளைகள் வாசிக்கிற மாதிரி.

"'ஜெர்மனியில் முதல் பனி விழுந்தபோது ஒரு சட்டி நிறைய அள்ளிக்கொண்டு வந்து மகன் எழும்பினால் காட்ட வைத்தா. விடிய தண்ணீர்தான் இருந்தது. அதை அவ இரண்டு நாளாகக் கொட்ட விடவில்லை.'"

நான் அந்த மகன். எனக்கு அது தெரியாது.

"'நைட் ஷிப்ட் முடிந்து நான் வரும்போது தேத்தண்ணிக் கோப்பைக்குள் சீனி போட்டு வைத்திருப்பா. எனக்கு நீரிழிவு என்று டொக்டர் சொன்ன அடுத்த நாள் கோப்பை வெறுமையாக இருந்தது. அதற்கு நான் கோபித்தேன். கோபித்திருக்கத் தேவையில்லை.'"

சித்தி போய் அடுப்பை நிற்பாட்டிவிட்டு வந்து இருந்தா. அப்பா வாசித்துக்கொண்டே போனார். எழுத்து ஒழுங்காக இருந்திருந்தால் எங்களிடம் புத்தகத்தைத் தந்துவிட்டு வேலைக்குப் போயிருப்பார். வாயால் சொல்லியிருக்கவே மாட்டார். கடைசி வரிக்கு வந்தபோது நிறுத்தினார். "இது இருக்கட்டும்" என்று மூடிவிட்டார்.

திங்கள் காலை அச்சகக்கார அண்ணை சியாமளாவைத் திரும்பப் போட்டுவிட்டு மேசையில் தலையை வைத்துச் சிரித்தார். எல்லாப் பக்கமும் தமிழாகிவிட்டது. நான் ஜோர்ஜியாவுக்கு மாற்றிய அந்த ஒரு வரி மட்டும் மாறவில்லை. அது ஏதோ ஆங்கிலம் என்று நினைத்து அவர் அப்படியே அடித்துவிட்டார். அந்தியேட்டியன்று எல்லோர் கையிலும் இருந்த புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில், அம்மாவின் படத்துக்குக் கீழே, நடுவில், இப்படி இருந்தது:

,Q;rUk;

"உதென்ன, ஈமெயில் அட்ரஸோ?" என்று ஒருவர் கேட்டார். "இல்லை, படிச்ச பட்டமாக்கும்," என்றார் பக்கத்தில் இருந்தவர், வடையைக் கடித்துக்கொண்டு.

வீட்டுக்கு வந்து சியாமளாவைத் திறந்து அதே கட்டைகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தேன். திரையில் வந்தது: இஞ்சரும்.

(இங்கே பாரும் என்பது எங்கள் ஊரில் இப்படித்தான் சுருங்கும்.) அப்பா ஒருநாளும் அம்மாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மாடிப்படியில் நின்று, பாத்ரூமில் துவாய் இல்லாமல் நின்று, திறப்பைத் தொலைத்துவிட்டு வாசலில் நின்று, எப்போதும் அதுதான். இஞ்சரும்.

"அப்பா, கடைசிப் பக்கத்தைத் திருத்தித் திரும்ப அடிப்பமோ?" என்று கேட்டேன்.

"வேண்டாம்," என்றார். "அது சனத்துக்கு எழுதினதில்லை."

சித்தி இன்றைக்கும் போன் எடுத்தால் முதல் கேள்வி, "அத்தான், சியாமளா சுகமோ?" என்பதுதான். அப்பாவும் சிரிக்காமல், "ஓம், இத்தாலிக்காரிக்குத்தான் கொஞ்சம் தடிமனும் தும்மலும்," என்பார். வீட்டுக்கு வருகிறவர்கள் சிலவேளை அந்தக் கல்வெட்டை எடுத்துப் புரட்டி, கடைசிப் பக்கத்தில் நின்று, இது என்ன என்று கேட்பார்கள். அப்பா என்னைக் கையால் காட்டுவார்.

"அதோ, அவன் லாப்டொப்பை ஸ்பீட் ஆக்கினவன்."