நானும் தம்பியும் ஒரே சீக்கு

ஓர் உண்மையை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். காசநோயாளிகளுக்குத் தொண்டு செய்ய நான் போனது தொண்டு மனப்பான்மையால் அல்ல, சைக்கிளால். எங்கள் பக்கத்தில் காசநோயாளிகளுக்கு உதவ ஒரு சின்னச் சங்கம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் நோயாளிகளின் வீடுகளுக்கு மருந்து கொண்டுபோகிறவருக்கு அந்தச் சங்கம் ஒரு சைக்கிள் கொடுத்தது. வாரம் முழுக்க வைத்துக்கொள்ளலாம். எழுபதுகளின் தொடக்கம் அது. எனக்கு இருபத்து நான்கு வயது, கும்மிடிப்பூண்டியில் ஒரு தொழிற்சாலையில் குமாஸ்தா வேலை. கவரைப்பேட்டை ஸ்டேஷனுக்குப் பின்னால் அம்மாவும் நானும் குடியிருந்தோம். வேலைக்கு சைக்கிளில் போனால் நாலு பேர் பார்ப்பார்கள் என்பது என் கணக்கு (ஒருவரும் பார்க்கவில்லை).

சங்கத்தை நடத்தியவர் ராஜாமணி அம்மாள். ஓய்வு பெற்ற நர்ஸ். அவர் தெருவில் வந்தால் எங்கள் தொழிற்சாலை ஆட்கள் பீடியை அணைத்துவிட்டு ஓரமாக நிற்பார்கள். சேர்ந்த அன்றே எனக்கு இரண்டு விஷயம் சொன்னார்.

"தெருவுல நின்னு நோயோட பேரைச் சொல்லாதே. மாத்திரை உள்ள போச்சான்னு உன் கண்ணால பாரு. நடுவுல நிறுத்துனா நோய் திரும்பி வரும், அப்ப வந்தா இந்த மாத்திரைக்கு அடங்காது. ஆளு போயிடுவாரு. புரிஞ்சுதா?"

புரிந்தது என்றேன். என் கண் சைக்கிளின் மணி மேல் இருந்தது.

எனக்கு ஒதுக்கிய நோயாளி எல்லப்பன். பழவேற்காடு ஏரியோரம் ஒரு குப்பத்தில் மீன் பிடிக்கிறவர், நாற்பது வயது இருக்கும். சைக்கிளில் இரண்டு மணி நேரம் மிதித்து, அதற்கப்புறம் படகு ஏற வேண்டும். (சும்மா கிடைத்த சைக்கிள் ஏன் சும்மா கிடைத்தது என்று முதல் ஞாயிறே தெரிந்துவிட்டது.) ஒரு வாரத்துக்கான மாத்திரை, பால் பவுடர், வைக்கோலில் பொதிந்த முட்டைகள் என்று ஒரு பையை மாட்டிக்கொண்டு போவேன்.

மூன்று மாதம் ஒழுங்காகச் சாப்பிட்ட எல்லப்பன், நான்காம் மாதம் ஒரு ஞாயிறு மாத்திரைப் பொட்டலத்தைத் தொடவே மாட்டேன் என்று திண்டாட வைத்தார்.

"இருமல்தான் நின்னுபோச்சே தம்பி, இன்னாத்துக்கு மாத்திர? துண்ணுகினே இருந்தா இன்னும் சீக்காளின்னுதான சொல்வானுங்க?"

அவர் கவலை எனக்கும் தெரியும். ஏரியில் எந்த இடத்தில் யார் என்றைக்கு வலை விடுவது என்று குப்பத்தில் முறை வைத்திருந்தார்கள். பாடு என்பார்கள். எல்லப்பனுக்குப் பாடு வந்தாலும் அவரோடு படகில் ஏற ஆள் வருவதில்லை. இருமல் நின்ற பிறகு இரண்டு பேர் மெல்ல வர ஆரம்பித்திருந்தார்கள். அவர்கள் முன்னால் மாத்திரையை வாயில் போட்டுக்கொள்ள அவருக்கு வெட்கம். வீட்டில் போட்டுக்கொள்ளலாமே என்றால், குடிசைக்குக் கதவா இருக்கிறது என்றார். அவர் மனைவி காசியம்மா கெஞ்சிப் பார்த்தார். நான் படித்தவன் தோரணையில் ஒரு பிரசங்கம் செய்தேன். எல்லப்பன் பாதியிலேயே வலையைப் பிரித்து ஓட்டை பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

சரி, வந்ததற்குச் சளியையாவது வாங்கிக்கொண்டு போவோம் என்று டப்பாவை நீட்டினேன். சோதனைக்கு மாதம் ஒருமுறை சளி எடுக்க வேண்டும். எல்லப்பன் கொஞ்சம் எச்சிலைத் துப்பிக் கொடுத்தார். எச்சில் ஆகாது, நெஞ்சின் அடியிலிருந்து இருமி எடுக்க வேண்டும்.

"எப்டி?" என்றார்.

"இப்படி" என்று இருமிக் காட்டினேன்.

இங்கே என்னைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பள்ளிக்கூட நாடகங்களில் நான் எப்போதும் சாகிற பாத்திரம். ஒருமுறை செத்துக் காட்டி மூன்றாம் பரிசு வாங்கியிருக்கிறேன். அந்தத் திறமை முழுவதையும் இறக்கினேன். அடிவயிற்றைப் பிடித்து, கண் பிதுங்கி, கழுத்து நரம்பு புடைக்க இருமினேன். வெயிலில் மிதித்து வந்த தொண்டை வேறு காய்ந்திருந்ததா, நடிப்பாகத் தொடங்கிய இருமல் நிஜ இருமலாகிவிட்டது. நிற்கவே இல்லை. மணலில் உட்கார்ந்துவிட்டேன். காசியம்மா ஓடிவந்து முதுகில் பளார் பளார் என்று நாலு வைத்தார். பக்கத்துக் குடிசைக்காரர்கள் எல்லாரும் வந்து நின்றார்கள். நீராகாரம் வந்தது.

நான் நிமிர்ந்தபோது எல்லப்பன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். முகமே மாறியிருந்தது.

"உனுக்கும் கீதா தம்பி?"

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் பொட்டலத்தைப் பிரித்துவிட்டார்.

"இத்தினி சின்ன வயசுல சீக்க வச்சிகினு, நீ வெயில்ல சைக்கிள் மிதிச்சி எனுக்கு மருந்து கொண்டாற. எனுக்கு இன்னா கேடு?"

ஊரே பார்க்க மாத்திரைகளை விழுங்கினார்.

திறந்த வாயை மூடிக்கொண்டேன். அன்று நான் செய்த தொண்டு அது ஒன்றுதான். ராஜாமணி அம்மாள் "எப்படிப்பா ஒத்துக்க வச்சே?" என்று கேட்டபோது, "பக்குவமா எடுத்துச் சொன்னேம்மா" என்றேன் (கூசாமல்).

அதற்கப்புறம் என் பாடு கொண்டாட்டம். போனவுடன் எல்லப்பன், "உன் மாத்திரய எடு, சேந்து துண்ணலாம்" என்பார். நான் மருந்துக் கடையில் வாங்கி வைத்திருந்த சத்து மாத்திரையை எடுப்பேன். ரெண்டு பேரும் ஒரே செம்புத் தண்ணீரில் விழுங்குவோம். அவருக்கென்று நான் கொண்டுபோன முட்டையை வேகவைத்து, சரிபாதி பிளந்து எனக்கே ஊட்டாத குறையாகக் கொடுப்பார்கள். காசியம்மா நண்டு ரசம் வைப்பார், நெஞ்சுச் சளிக்கு நல்லது என்று. எல்லப்பன் இரண்டு சுற்றுப் பெருத்தார், நான் மூன்று. நோயாளிக்குத் துணையாகப் போனவனை நோயாளி வீட்டில் வைத்துத் தேற்றிக்கொண்டிருந்தார்கள். தப்புதான், தெரியும். சொல்லிவிடலாம், அடுத்த ஞாயிறு சொல்லிவிடலாம் என்றே ஐந்து மாதம் ஓடிவிட்டது.

இந்த நேரத்தில்தான் பள்ளிப்பட்டிலிருந்து எனக்கு ஒரு சம்பந்தம் வந்தது. நிலபுலம் உள்ள குடும்பம். பெண்ணின் போட்டோவைப் பார்த்த நாளிலிருந்து நான் தொழிற்சாலைப் பேரேட்டில் தப்பு தப்பாக எழுதிக்கொண்டிருந்தேன். பெண்ணின் அப்பாவும் இரண்டு பெரியவர்களும் மாப்பிள்ளை வீட்டைப் பார்த்துப் பேசி முடிக்க வருவதாகச் சொல்லி அனுப்பினார்கள். எந்த நாள்? ஞாயிற்றுக்கிழமை.

குப்பத்துக்குப் போகவில்லை. ஒரு வாரம்தானே, திங்கட்கிழமை லீவு போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்துவிடலாம் என்று இருந்துவிட்டேன். ராஜாமணி அம்மாளிடமும் சொல்லவில்லை.

மத்தியானம் அம்மா கேசரி கிளறி, வாழைக்காய் பஜ்ஜி போட்டிருந்தார். பள்ளிப்பட்டுக்காரர் வெள்ளை வேட்டி, சந்தனப் பொட்டோடு நாற்காலியில் உட்கார்ந்து பஜ்ஜியை ரசித்துத் தின்றுகொண்டே, "பையன் நல்லா திடமா கீறான். அதான் நைனா வேணும். டப்பு இன்னிக்கு வரும், நாளிக்குப் போவும். ஒடம்பு முக்கியம்" என்றார். அம்மாவுக்குப் பூரிப்பு. எனக்கு அதைவிட.

அப்போது வாசலில் நிழல் தட்டியது. எல்லப்பன். ஒரு கையில் நண்டுக் கூடை. படகு, பஸ், ரயில் எல்லாம் ஏறி, கவரைப்பேட்டையில் இறங்கி வீட்டைக் கேட்டுக் கேட்டு வந்திருக்கிறார்.

"தம்பீ! படுத்துகினியா? நீ வரலன்னதும் எனுக்கு ஒடம்பே ஆடிப்போச்சி. இருமல் வந்துச்சா? ரத்தம் கித்தம் வந்துச்சா?"

பள்ளிப்பட்டுக்காரரின் கையில் இருந்த பஜ்ஜி வாய்க்குப் போகாமல் நின்றுவிட்டது.

அம்மா, "யாருப்பா நீ?" என்றார்.

"நானா? நானும் தம்பியும் ஒரே சீக்கும்மா. ஒண்ணாத்தான் மாத்திர துண்றோம்" என்று பெருமையோடு சொன்னார் எல்லப்பன். "நெஞ்சு சீக்கு" என்று விளக்கமும் கொடுத்தார்.

என் வாயில் பாதி பஜ்ஜி இருந்தது. அது போகக் கூடாத வழியில் போயிற்று. இருமினேன். குப்பத்து மணலில் இருமியதெல்லாம் ஒத்திகை, அன்றைக்குத்தான் அரங்கேற்றம். எல்லப்பன் கூடையைப் போட்டுவிட்டு ஓடிவந்து என் நெஞ்சைத் தடவினார். இரண்டு நண்டுகள் கூடையிலிருந்து இறங்கிப் பெரியவர்கள் பக்கம் நடந்தன. பெரியவர்கள் கால்களை நாற்காலி மேல் தூக்கி வைத்துக்கொண்டார்கள்.

பள்ளிப்பட்டுக்காரர் நல்ல மனுஷர். எனக்கு ஒரு வழி விட்டார். "பொரை ஏறிச்சி, அவ்ளோதான நைனா? இந்த ஆளு வேற யாரையோ நெனச்சிகினு பேசறாரு. அப்டித்தான?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பெண் இருக்கிறாள், நிலம் இருக்கிறது, சந்தனப் பொட்டு மாமனார் இருக்கிறார்.

எல்லப்பன் இடுப்பு முடிச்சை அவிழ்த்து எதையோ எடுத்து நீட்டினார். நாலு மாத்திரை.

"நீ மருந்து இல்லாம பேஜாராப் படுத்துகினியோன்னு நெனச்சேன். போன வாரமே உன் மூஞ்சி சரியில்ல, அதான் நேத்தே துண்ணாம உனுக்கு எடுத்து வச்சேன். இந்தா, துண்ணு."

அவருடைய மாத்திரை அது. உயிர் பிழைக்கச் சாப்பிட வேண்டியதை எனக்காக மிச்சம் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறார். மருந்து முடிய இன்னும் பத்து மாதம் பாக்கி. இப்போது நான் "இவர் யாரோ" என்றால், இந்த மனுஷர் அந்த நாலு மாத்திரையையும் கவரைப்பேட்டைத் தண்டவாளத்தில் வீசிவிட்டுப் போவார். அடுத்த மழைக்காலத்தைப் பார்க்க மாட்டார்.

"இல்லைங்க" என்றேன் பள்ளிப்பட்டுக்காரரிடம். "இவர் சரியாத்தான் சொல்றார்."

காபி வருவதற்குள் அவர்கள் கிளம்பிவிட்டார்கள். அந்த அவசரத்திலும் பெண்ணின் அப்பா திரும்பி, "ஒடம்பப் பாத்துக்க நைனா" என்றார். நான் உள்ளே போய் சங்கப் பையை எடுத்துவந்து, எல்லப்பனுக்கு, நேற்று விட்டதற்கும் சேர்த்து இரண்டு நாள் மருந்தைப் பிரித்து விழுங்க வைக்கப் போய், நல்லவேளையாக ஒரு நாளோடு நிறுத்தினேன். கேசரி முழுவதையும் அவர்தான் சாப்பிட்டார். "யாரு தம்பி அவங்கள்லாம்? பஜ்ஜிய அப்டியே வச்சிட்டுப் பூட்டாங்க?" என்று கேட்டார்.

"தெரிஞ்சவங்க" என்றேன்.

அம்மாவிடம் அன்று மாலையே முழு உண்மையும் சொன்னேன். அம்மா நம்பவில்லை! பெற்ற தாய், நான் நோயை மறைக்கிறேன் என்றே அழுதார். மறுநாள் காலையில் என்னைத் தரதரவென்று ராஜாமணி அம்மாளிடம் இழுத்துப் போனார். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு என்னை நிற்கவைத்து வறுத்தெடுத்தார். நோயாளியிடம் பொய் சொன்னதற்கு ஒரு திட்டு, ஞாயிறு போகாததற்கு அதைவிடப் பெரிய திட்டு. பிறகு, திருவள்ளூரில் எக்ஸ்ரே எடுக்க ஏற்பாடு செய்தார். நெஞ்சு சுத்தமாக இருந்தது. "அவரு முடிக்கிற வரைக்கும் நீ வாயைத் திறக்காதே. முடிச்ச அன்னிக்கு நீயே சொல்லிடணும்" என்று கட்டளை போட்டார். சைக்கிளைப் பிடுங்கவில்லை. அதற்காக அவரை இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.

அம்மா அதன் பிறகு என் ஜாதகத்தோடு எக்ஸ்ரே படத்தையும் சேர்த்தே பெண் வீட்டாருக்குக் காட்டினார். பிற்பாடு என் மாமனார் ஆனவர் (பள்ளிப்பட்டுக்காரர் இல்லை, வேறொருவர்) அதைத் தலைகீழாகப் பிடித்து வெளிச்சத்தில் பார்த்து, "எலும்பெல்லாம் நல்லாத்தான் கீது" என்று சம்மதித்தார். ஒரு பெண் தன் மாப்பிள்ளையின் முகத்தைப் பார்க்கும் முன்பே விலா எலும்பைப் பார்த்தது எங்கள் ஜில்லாவிலேயே அந்த ஒருமுறைதான் இருக்கும் என்று என் மனைவி சொல்வாள்.

எல்லப்பன் பாக்கிப் பத்து மாதத்தையும் ஒரு நாள் விடாமல் முடித்தார். சளி சுத்தம் என்று முடிவு வந்த அன்று, ராஜாமணி அம்மாளின் கட்டளைப்படி அவர் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன்.

"அண்ணே, என்னை மன்னிச்சிடுங்க. எனக்கு அந்த நோய் வந்ததே இல்லை."

எல்லப்பன் கண் கலங்க என் தோளைத் தட்டினார். "எங்கிட்டயே மறைக்கிறியே தம்பி. கல்யாணம் ஆவணும்னு சொல்ற. போவட்டும், நான் வெளில சொல்ல மாட்டேன்."

எக்ஸ்ரேயைக் கொண்டுபோய்க் காட்டினேன். வேறு யாருடையதோ என்றுவிட்டார். தனக்குக் குணமாகி எனக்கு ஆகவில்லை என்பது அவரால் தாங்க முடியாததாக இருந்தது. தன் குப்பத்து அம்மனிடம் வேண்டிக்கொண்டு, வருஷா வருஷம் ஆடி மாதம் என் பேரில் ஒரு பானை கூழ் ஊற்ற ஆரம்பித்தார். அவரோடு படகில் ஏற யோசித்த ஆட்களே அந்தப் பானையைத் தூக்கி வருவார்கள். இல்லாத நோய்க்காக இன்னொரு மனுஷன் வெயிலில் நின்று கூழ் ஊற்றுவதை நான் ஒவ்வோர் ஆடியும் பார்த்திருக்கிறேன். எனக்குத் தொண்டை அடைத்துவிடும். அதை அவர் சளி என்று நினைத்துக்கொள்வார்.

கல்யாணத்துக்குப் பிறகு குடும்பத்தோடு போக ஆரம்பித்தோம். கேழ்வரகுக் கூழ், பக்கத்தில் காசியம்மாவின் கருவாட்டுக் குழம்பு. ஒரு வருஷம், இனிமேல் ஏமாற்றக் கூடாது என்று மறுபடி எல்லப்பனிடம் எனக்கு ஒன்றுமே இல்லை என்று சத்தியம் செய்தேன். அவர் என்னை விட்டுவிட்டு, ஆறு வயதான என் சின்ன மகளைக் கூப்பிட்டார்.

"நீ பொய் சொல்ல மாட்ட. சொல்லு பாப்பா, அப்பாவுக்கு இன்னும் இருமல் கீதா?"

அவள் என்னைப் பார்த்தாள். கூழ்ப் பானையைப் பார்த்தாள். குழம்புச் சட்டியையும் பார்த்தாள்.

"நெறைய இருக்கு மாமா" என்றாள்.